அருமையும் அண்மையும்

வகுப்பறைப் பாடம் ஒன்றிடம் இரண்டு எதிர்பார்ப்புகள் உண்டு. அது மாணவரின் அறிவுக்கு வேலை கொடுக்க வேண்டும். அவருடைய வாழ்க்கையோடு ஒட்டியும் இருக்க வேண்டும். முதலாவதை அருமை என்றும் இரண்டாவதை அண்மை என்றும் சொல்லலாம். 'அருமை' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அடைவதற்குக் கடினமானது என்ற பொருள் உண்டு. பாடுபட்டால்தான் கிடைக்கும் என்பதையும் மதிப்பு மிக்கது என்பதையும் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

பள்ளிகளில் இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகளைப் போலவே பேசப்படுகின்றன. கடினமாக்கினால் பிள்ளைகள் விலகிவிடுவார்கள், நெருக்கமாக்கினால் பாடம் நீர்த்துப்போகும் என்பது பொதுவான கருத்து. அதனால் கசப்பு மருந்தைத் தேனில் குழைப்பதுபோல, கடினமான கருத்தைப் பழகிய உதாரணத்தில் குழைத்துத் தருவதே வழி என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். கூட்டல் கணக்கில் 'ராமுவிடம் ஐந்து மாம்பழங்கள்' என்று எழுதிவிட்டால் பாடம் வாழ்க்கைக்கு வந்துவிட்டதாக ஒரு நம்பிக்கை. அந்த மாம்பழத்தை எடுத்துவிட்டுக் கல்லை வைத்தாலும் கணக்கு மாறாது. மாறாதென்றால், மாம்பழம் அங்கே ஒட்டவில்லை என்றுதான் பொருள்.

இது பயிற்றுமுறைச் சிக்கல் போலத் தோன்றினாலும், அடியில் இருப்பது அறிவைப் பற்றிய மிகப் பழைய தத்துவக் கேள்வி. கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில், மேனோ என்பவன் சாக்ரடீஸிடம் அதை வெளிப்படையாகக் கேட்கிறான். தெரியாத ஒன்றை ஒருவர் எப்படித் தேடுவார்? தெரிந்திருந்தால் தேட வேண்டியதில்லை. தெரியாவிட்டால் எதைத் தேடுவது என்றே தெரியாது. தற்செயலாக எதிர்ப்பட்டாலும் 'இதுதான் அது' என்று அடையாளம் காண முடியாது. வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் இதே புதிர் வேறு உருவம் எடுக்கும். முற்றிலும் அண்மையில் இருப்பது ஏற்கெனவே தெரிந்தது, அங்கே கற்க ஒன்றுமில்லை. முற்றிலும் தொலைவில் இருப்பதைக் கற்கத் தொடங்கவே வழியில்லை.

சாக்ரடீஸ் இதற்கு வாதத்தால் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை; ஒரு பாடத்தையே நடத்திக் காட்டுகிறார். மேனோவின் அடிமைச் சிறுவன் ஒருவனை அழைக்கிறார். இவனுக்குக் கிரேக்கம் பேச வருமா என்பது மட்டும்தான் அவர் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. பிறகு இரண்டடிப் பக்கமுள்ள ஒரு சதுரம். பரப்பு நான்கு சதுர அடி. இதைப்போல் இரு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்காமல் சொல்கிறான்: பக்கத்தையும் இரு மடங்காக்கினால் ஆயிற்று, நான்கடி. வரைந்து எண்ணினால் பரப்பு பதினாறு வருகிறது, வேண்டியது எட்டு. அப்படியானால் மூன்றடி என்கிறான். ஒன்பது வருகிறது. இப்போதுதான் அவன் தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறான்.

சாக்ரடீஸ் அந்த இடத்தில் பாடத்தை நிறுத்தி மேனோவின் பக்கம் திரும்புகிறார். சற்று முன்புதான் மேனோ அவரை மின்னதிர்ச்சி தந்து மரத்துப்போக வைக்கும் திருக்கை மீனுக்கு ஒப்பிட்டிருந்தான். இந்தச் சிறுவனும் மரத்துப்போய் நிற்கிறானே, இவனுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதா என்று அவர் கேட்கிறார். இல்லை என்று மேனோவே ஒப்ப வேண்டியிருக்கிறது. முன்பு தெரியாமலே தெரியும் என்றிருந்தவன், இப்போது தேட விரும்புகிறான். அதன்பின் நான்கு சிறு சதுரங்கள் சேர்ந்த பெரிய சதுரத்தில் ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை வெட்டும் கோடுகள் வரையப்படுகின்றன. நான்கு அரைச் சதுரங்களும் சேர்ந்து நடுவில் ஒரு சாய்ந்த சதுரமாக நிற்கின்றன. அதன் பரப்பு எட்டு. விடை மூலைவிட்டத்தில் இருந்திருக்கிறது.

சாக்ரடீஸ் கேட்ட கேள்விகளிலேயே விடை ஒளிந்திருக்கிறது, சிறுவன் தலையை மட்டுமே ஆட்டுகிறான் என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அதில் நியாயம் உண்டு. ஆன்மா முன்பே அறிந்ததை நினைவுகூர்கிறது என்று அவர் இதிலிருந்து எடுக்கும் முடிவையும் எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பாடத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அடிமைச் சிறுவனின் அன்றாட வாழ்வில் சதுரத்தை இரட்டிப்பதற்கு எந்த வேலையும் இல்லை. இருந்தும் அந்தக் கேள்வி அவனுடையதாகிவிட்டது, ஏனென்றால் தரையில் கிடந்த பதினாறும் ஒன்பதும் அவன் வாயிலிருந்து வந்தவை. அண்மை பாடப்பொருளில் இல்லை, அவன் செய்த பிழையில் இருக்கிறது. அருமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஒரே பிழை இரண்டையும் சேர்த்துத் தருகிறது.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதி இன்னொரு வகையான பாடத்தைக் காட்டுகிறது. சுவேதகேது பன்னிரண்டு வயதில் குருவிடம் போய், வேதங்களையெல்லாம் கற்று, இருபத்து நான்கு வயதில் செருக்கோடு வீடு திரும்புகிறான். தந்தை உத்தாலகர் அவனுக்கு மேலும் ஒரு நூலைக் கற்பிக்கவில்லை. ஓர் இரவு உப்பைக் கொடுத்துத் தண்ணீரில் போடச் சொல்கிறார். காலையில் அந்த உப்பை எடுத்துவா என்கிறார். தேடுகிறான், கிடைக்கவில்லை. மேலிருந்து ஒரு வாய் குடித்துப் பார் என்கிறார்; உப்பு. நடுவிலிருந்து, உப்பு. அடியிலிருந்து, உப்பு. காண முடியாவிட்டாலும் அது அங்கே இருக்கிறது, எல்லாவற்றிலும் நிறைந்திருக்கும் உள்பொருளும் இப்படித்தான் என்கிறார். அதற்கு முன் ஆலம்பழம் ஒன்றைப் பிளக்கச் செய்து, விதையையும் பிளக்கச் செய்து, உள்ளே எதுவும் தெரியவில்லை என்று மகனையே சொல்ல வைத்து, அந்தத் தெரியாததிலிருந்துதான் இந்தப் பெரிய ஆலமரம் நிற்கிறது என்று காட்டியிருக்கிறார்.

உப்பு இங்கே மாம்பழக் கணக்கின் மாம்பழம் போன்றதன்று. அதை எடுத்துவிட்டால் பாடமே இல்லை. எல்லா வீட்டிலும் இருக்கும் பொருள், எவரும் செய்து பார்த்துவிடக்கூடிய காரியம். ஆனால் மூன்றாவது வாய் குடிக்கும்போது நாக்குக்குத் தெரிவதும் கண்ணுக்குத் தெரியாததும் முட்டிக்கொள்கின்றன. பன்னிரண்டு ஆண்டு மனப்பாடத்தால் வராத திகைப்பு அது. தந்தையின் விளக்கம் அதற்குப் பிறகே வருகிறது. இந்த வரிசையை மாற்றி, முதலில் விளக்கிவிட்டுப் பிறகு உப்பைக் காட்டியிருந்தால், அது சொன்னதை உறுதிப்படுத்தும் ஒரு செய்முறையாக முடிந்திருக்கும். இன்றும் பள்ளி ஆய்வகங்களில் பெரும்பாலும் நடப்பது அந்த மாறிய வரிசைதான் என்பது வருந்தத்தக்கது.

அதே உபநிடதத்தின் எட்டாம் பகுதியில் தேவர்களில் இந்திரனும் அசுரர்களில் விரோசனனும் ஆன்மாவை அறியப் படைப்புக் கடவுளான பிரஜாபதியிடம் போகிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தங்கிய பின், தண்ணீரில் தெரியும் உருவமே ஆன்மா என்று எண்ணும்படியான ஒரு விடை இருவருக்கும் கிடைக்கிறது. விரோசனன் நிறைவோடு போய்விடுகிறான். இந்திரனோ பாதி வழியில் நின்று யோசிக்கிறான்: உடல் குருடானால் இந்த ஆன்மாவும் குருடாகுமே, உடல் அழிந்தால் இதுவும் அழியுமே? திரும்பி வருகிறான். இப்படி மும்முறை திரும்பி வந்து, மொத்தம் 101 ஆண்டுகள் தங்கிய பிறகே அவனுக்கு உண்மை சொல்லப்படுகிறது. பிரஜாபதி அவனை ஒருமுறைகூடத் திருத்தவில்லை. எளிய விடையைக் கையில் கொடுத்து, அதை அவனே உடைத்துக்கொண்டு வரும்வரை காத்திருக்கிறார். பாடத்தின் அருமையை ஆசிரியர் மட்டும் உண்டாக்க முடியாது என்பதற்கு விரோசனனே சான்று. அதே பாடம் அவனுக்கு எளிதாகவே இருந்தது.

பௌத்த மரபில் வரும் கிசா கோதமியின் கதை, அண்மை தாங்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்ட பாடம். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வரும் தாயிடம் புத்தர் நிலையாமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சாவே நேராத ஒரு வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கிவரச் சொல்கிறார். கடுகு இல்லாத வீடு இல்லை. எல்லா வீட்டிலும் கடுகைக் கொடுக்கிறார்கள். இங்கே யாராவது இறந்ததுண்டா என்று கேட்டதும் நீட்டிய கையில் கடுகு நின்றுவிடுகிறது. வாசல் வாசலாக அவள் நடந்ததுதான் பாடம். துயரத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாத ஓர் உண்மையை, அவரே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு வேலையாக மாற்றிக் கொடுத்த பரிவு இதில் இருக்கிறது. கற்பித்தலில் இதற்கு மேல் போன நுட்பம் அரிது.

தமிழில் கற்பித்தலை இலக்கண நூலின் வாயிலிலேயே வைத்து ஆராய்ந்தவர் பவணந்தி முனிவர். 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் ஆசிரியர் யார், மாணவர் யார், பாடம் சொல்வது எப்படி என்று பொதுப்பாயிரத்தில் வகுக்கிறது. கற்பவர் எதை எப்படி ஏற்பார் என்று அறிந்து, அவர் உள்ளம் கொள்ளும்படி கொடுப்பது ஆசிரியரின் கடமை என்பது அதன் நிலைப்பாடு. ஆசிரியர் ஆகாதவர்களுக்கு அது தரும் உவமைகள் இன்றைய பாடக்குறிப்பேடுகளுக்கும் பொருந்தும். கழற்சிக்காய் நிரப்பிய குடத்தைச் சாய்த்தால் போட்ட வரிசையில் காய்கள் வருவதில்லை. முறையில்லாமல் கொட்டுபவர் அப்படி. மடல் சூழ்ந்த பனை, பழம் தானாக விழுந்தால் உண்டு, ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குடுக்கையில் திணிப்பதும் பாடு, பிடுங்குவதும் பாடு. பனை போன்றவரிடம் அருமை இருக்கிறது, அண்மை இல்லை. பருத்திக் குடுக்கையிடம் இருப்பது பயனற்ற கடினம். அது பொருளின் அருமையே அன்று. பாடம் கடினமாக இருப்பதற்கும் பாடம் சொல்வது கடினமாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த உவமைகள் பிரித்துக் காட்டுகின்றன.

பருத்தியே பாடமான ஒரு வகுப்பும் வரலாற்றில் உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டூயி 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனைப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே சிறுவர்களுக்குச் செடியிலிருந்து பறித்த பருத்தியையும் ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளியையும் அப்படியே கொடுத்தார்கள். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்க ஒரு குழு முப்பது நிமிடம் பாடுபட்டது. ஓர் அவுன்சுகூடத் தேறவில்லை. கம்பளி இழைகளோ ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு எளிதில் நூலாயின. தங்கள் முன்னோர் ஏன் கம்பளியை உடுத்தினார்கள், பருத்தித் துணி ஏன் அங்கே பின்னால் பரவியது, விதை நீக்கும் எந்திரம் ஏன் அத்தனை பெரிய மாற்றமாயிற்று என்ற கேள்விகளுக்கு அந்தச் சிறுவர்கள் தங்கள் நகக்கண்களிலிருந்தே விடை தேடத் தொடங்கினார்கள். குழந்தையின் அனுபவமும் பாடத்துறையும் இரண்டு வேறு பொருள்கள் அல்ல, ஒரே பாதையின் இரு முனைகள் என்று 1902-இல் வெளியான 'குழந்தையும் பாடத்திட்டமும்' நூலில் டூயி வாதிட்டார். டூயி பள்ளியைத் தொடங்கிய அதே 1896-இல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, தனியே செய்யக்கூடியதற்கும் துணையோடு மட்டுமே செய்யக்கூடியதற்கும் இடையிலான தூரமே கற்பித்தலின் களம் என்று பின்னர் வரையறுத்தார். மேனோவின் புதிருக்கு இது நேரடியான பதிலாகவே அமைகிறது. தெரிந்தது, தெரியாதது என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலம் இருக்கிறது.

ஆனால் அண்மை என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு எது நெருக்கம் என்று யார் தீர்மானிப்பது? சென்னை மாநிலத்தில் 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகள் ஒரு வேளை பள்ளியில் படிக்க, மறு வேளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பள்ளியில் இடமும் ஆசிரியரும் போதாத நிலையைச் சமாளிப்பதும், கல்வியை வாழ்வோடு இணைப்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்த அது, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. எதிர்ப்பு முற்றிலும் சரியானது. வண்ணார் பிள்ளைக்கு வெளுப்பும் குயவர் பிள்ளைக்குச் சக்கரமும்தான் பொருத்தம் என்று வைத்துவிட்டால், அண்மை பிறப்பின் வேலியாகிவிடுகிறது. டூயியின் வகுப்பில் எல்லாக் குழந்தைகளும் பஞ்சைப் பிரித்தார்கள், நெசவாளராவதற்காக அல்ல. கையில் இருக்கும் பொருளிலிருந்து வெளியே போகும் வழி திறந்திருந்ததா என்பதே வேறுபாடு.

பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெயில் இதன் மறுபக்கத்தைச் செய்து காட்டினார். தானே தொழிற்சாலைகளில் வேலை பார்த்த அவர், 1936-இல் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையின் இதழில் தொழிலாளர்களுக்காக எழுதியது எந்திரங்களைப் பற்றியோ கூலியைப் பற்றியோ அன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீசின் 'ஆன்டிகனி' நாடகத்தைப் பற்றி. போராடுவதும் துன்பப்படுவதும் என்னவென்று அறிந்தவர்களுக்கு அந்த நாடகம் நெருக்கமாக இருக்கும் என்று அவர் நம்பினார். தொழிலாளிக்குத் தொழிற்சாலை மட்டுமே அண்மை என்று எண்ணுவது அவரைச் சிறிதாக்குவது. அநீதி, அச்சம், அன்பு, சாவு ஆகியவையும் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கின்றன.

இவ்வளவையும் ஒரு பாடவேளைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதை எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றில் பார்க்கலாம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் தண்டல் என்ற சொல் தெரியாதவர் குறைவு. வழக்கமான கணக்கு ஒன்று: 10,000 ரூபாய் கேட்டால் 1,500-ஐ முன்னதாகவே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். காய்கறி வண்டி வைத்திருக்கும் ஒரு பெண் இந்தக் கடனை வாங்குகிறார். வட்டி விகிதம் என்ன? கேள்வி கரும்பலகையில் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் யார் தண்டல் வாங்கியிருக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்பது கூடவே கூடாது. அந்த வண்டிக்காரப் பெண்ணின் பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அண்மை ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிடக் கூடாது.

முதல் விடை பெரும்பாலும் 15 சதவீதம் என்றே வரும். ஆசிரியர் அதைத் தவறு என்று சொல்லாமல் எழுதி வைத்து, ஒன்றே ஒன்று கேட்கலாம்: அவர் கையில் வாங்கியது எவ்வளவு? 1,500-ஐ 8,500-ஆல் வகுத்தால் 17.6 ஆகிறது. எத்தனை நாளுக்கு? நூறே நாளுக்கு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 64-ஐத் தாண்டுகிறது. வகுப்பு இத்துடன் முடிந்துவிட்டதாக நினைக்கும். அப்போதுதான் கடினமான கேள்வி வர வேண்டும்: ஐம்பதாவது நாள் அந்த 8,500-இல் எவ்வளவு இன்னும் அவரிடம் இருக்கிறது? பாதிக் கடன் ஏற்கெனவே திரும்பிப் போய்விட்டது. நாட்களைக் குறுக்கிலும் பாக்கியை நெடுக்கிலும் வைத்து வரைந்தால், 8,500-இல் தொடங்கிய கோடு நூறாவது நாளில் சுழியத்தில் இறங்குகிறது. பணம் நூறு நாளும் முழுதாக இருந்திருந்தால் செவ்வகம். உண்மையில் இருப்பது அதை மூலைக்கு மூலை வெட்டிய அரைத்துண்டு. மேனோவின் சிறுவனுக்கு உதவிய அதே மூலைவிட்டம். சராசரியாக அவரிடம் இருந்த கடன் சுமார் 4,250 ரூபாய்தான் என்றால், விகிதம் இரு மடங்காகி ஆண்டுக்கு 129-க்கு அருகில் போகிறது. இன்னும் துல்லியமாகக் கணக்கிடும் முறைகளில் அது 120-ஐ ஒட்டி வரும். எட்டாம் வகுப்புக்கு இந்தத் தோராயமே போதுமானது.

பதினைந்திலிருந்து நூற்றிருபத்தொன்பதுவரை கரும்பலகையில் ஏறிய எண்கள் நான்கும் அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் நடந்து வந்த வழி அது. அவ்வளவு வட்டி என்று தெரிந்தும் எதற்காக வாங்குகிறார்கள் என்ற கேள்வி வகுப்பில் எழுந்தே தீரும். விடிகாலை நான்கு மணிக்குச் சந்தையில் ரொக்கம் வேண்டும், ஜாமீனுக்குச் சொத்து கிடையாது, வாரக் கடைசிவரை காத்திருந்தால் வியாபாரம் இல்லை என்ற பதில்களை மாணவர்களே சொல்வார்கள். சிலருக்கு ஆசிரியரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தக் கேள்விக்குக் கணக்குப் பாடத்தில் முடிவு கிடையாது, அதை அவசரமாக முடித்துவைக்கவும் வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து வைக்கும் தேர்வில் தண்டல் வரக் கூடாது. தவணையில் வாங்கிய பைக் ஒன்றின் கணக்கைக் கொடுக்கலாம்: 60,000 ரூபாய்க் கடன், முழுத் தொகைக்கும் ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, இரண்டு ஆண்டுகள், மாதம் 3,000 வீதம் 24 தவணைகள். கடைக்காரர் சொல்லும் 10 சதவீதம் உண்மையா என்பது கேள்வி. விடைத்தாளில் படம் வரையுங்கள் என்று எங்கும் குறிப்பிடாமல் விட வேண்டும். யாரும் சொல்லாமலே ஒரு செவ்வகத்தைப் போட்டு அதன் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்திருக்கும் தாள்களை ஆசிரியர் தனியே எடுத்து வைத்து எண்ணிப் பார்க்கலாம்.